கணக்குக் கேட்கும் உரிமை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் ஊராட்சி நிதியும் ஒப்பந்தமும் கிராமசபையும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இவை குடவோலை முறையை விவரிக்கின்றன. உள்ளாட்சி பற்றிய மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கும். ஆனால் அந்தக் குடத்தில் யாருடைய பெயர் எழுதிய ஓலை விழலாம் என்பதை மேடைகள் சொல்வதில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், வேதம் அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. நிலமற்றவருக்கும் சேரிக்கும் அந்தச் சபையில் இடமில்லை. அதே கல்வெட்டில் மற்றொரு விதியும் உண்டு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வு பெற முடியாது.

ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின்னும் இந்த இரண்டு கேள்விகளும் அதே மாவட்டத்தில் உயிரோடு இருக்கின்றன. சபையில் யார் அமரலாம்? கணக்கை யாருக்குக் காட்ட வேண்டும்? முதல் கேள்விக்கு அரசமைப்புச் சட்டம் விடை அளித்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. நடைமுறையில் அதைப் போராடித்தான் பெற வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழில் தடத்தில் இந்தப் போராட்டத்தின் விலை மிக அதிகம். ஏனெனில் இங்குள்ள ஊராட்சிகளின் எல்லைக்குள் புழங்கும் பணம் மற்ற கிராமங்களில் காணாத அளவுடையது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையெழுத்தில் வெளியேறுகிறது, அதைத் தட்டிக் கேட்கச் சேரி மக்களுக்குச் சட்டத்தில் என்னென்ன வழிகள் உள்ளன என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

தடத்தின் உருவாக்கம்

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், 1990களில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கால் பதித்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை என ஒரகடம் வாகன உற்பத்தியின் மையமாயிற்று. வல்லம்–வடகால், சுங்குவார்சத்திரம் எனத் தடம் மேலும் விரிந்தது.

தொழிற்சாலை எழும்பிய ஒவ்வொரு இடமும் அதற்கு முன் ஒரு வருவாய்க் கிராமத்தின் புல எண். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலமும், மேய்க்கால் புறம்போக்கும், மானாவாரிக் காடும் கலந்து கிடந்த பகுதி இது. நிலம் கையகப்படுத்தப்பட்டபோது பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த நிலத்தில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்தவருக்கு இழப்பீட்டுப் பட்டியலில் பெயரே இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் பஞ்சமி நிலங்களின் பிறப்பிடம் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் விளைவாகவே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்த நிலங்கள் கைமாறிப் போனதை எதிர்த்து எழுந்த காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நிலம் இழந்தோரின் வரலாறு இத்தடத்தில் ஆலைகளுக்கு முன்பே தொடங்கியது.

ஊராட்சிக்கு வரும் பணம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என ஐந்து ஊராட்சி ஒன்றியங்களும் அவற்றுள் 274 கிராம ஊராட்சிகளும் உள்ளன. இவற்றின் வருவாயை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, சொந்த வரி. வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். வீட்டு வரி என்று பெயர் இருந்தாலும் அது ஊராட்சி எல்லைக்குள் உள்ள ஆலைக் கட்டடங்களுக்கும் பொருந்தும். தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை ஊழியரின் ஊதியத்தில் பிடித்து நிறுவனமே உள்ளாட்சிக்குச் செலுத்த வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் உறுப்பு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்ச வரம்பை வைத்திருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டாக, 5,000 பேர் பணிபுரியும் ஆலையில் தலைக்குச் சராசரியாக 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் ஆகிறது. வேளாண்மை மட்டுமே உள்ள ஒரு சிற்றூர் ஊராட்சியால் கனவிலும் காண முடியாத தொகை இது.

இரண்டாவது, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகிர்வது தமிழ்நாட்டின் நடைமுறை. மூன்றாவது, ஒன்றிய நிதி ஆணைய மானியம். 15ஆவது நிதி ஆணையத்தின் 2021–26 காலத்திற்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்திற்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டும். மீதி 40 விழுக்காட்டை ஊராட்சியே தேவைக்கேற்பத் திட்டமிடலாம்.

இந்த வருவாய் அமைப்பில் இரண்டு விதமான ஏற்றத்தாழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஊராட்சிகளுக்கு இடையிலானது. ஆலை எந்த ஊராட்சியின் புல எண்ணில் நிற்கிறதோ அதற்கே வரி. அந்த ஆலையின் தொழிலாளர் வாடகைக்குக் குடியிருந்து, குப்பையும் கழிவுநீரும் சேரும் பக்கத்து ஊராட்சிக்கு அந்த வரியில் பங்கு இல்லை. மற்றொன்று, ஒரே ஊராட்சிக்குள் ஊருக்கும் சேரிக்கும் இடையிலானது. ஊர்த் தெருவில் சிமெண்ட் சாலையும், சேரிக்குச் செல்லும் வழியில் குண்டும் குழியுமாகக் கிடக்கும் மண் பாதையும் இருக்குமானால், அந்த ஊராட்சி பணக்கார ஊராட்சியாக இருப்பதால் சேரிக்கு ஒரு பயனும் இல்லை. மொத்த வருவாயைக் கேட்பதோடு நின்றுவிடாமல், எந்தக் குக்கிராமத்திற்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்ற பிரிப்புக் கணக்கையும் கேட்க வேண்டும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 243-கியூ உறுப்பில் உள்ள விலக்கின்படி, ஒரு தொழில் நிறுவனம் நகராட்சிப் பணிகளைத் தானே செய்யும் பகுதியை ஆளுநர் தொழில் நகரியமாக அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கப்படும் பகுதியில் நகராட்சி அமைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இட ஒதுக்கீடும் இல்லாத நிர்வாகத்திற்கு இது கதவு திறக்கிறது. தொழில் தடத்தில் வாழ்வோர் இந்த ஒரு சொற்றொடரை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஐந்தாண்டுகள் மன்றமே இல்லை

243-இ உறுப்பின்படி ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதம் 4ஆம் நாள் ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை உண்டு என்பது வழக்கின் மையம். அதன் பின் தனி அலுவலர்களின் ஆட்சி தொடர்ந்தது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிப்பைக் காரணம் காட்டி விடுபட்ட ஒன்பது மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. இங்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது.

அதாவது, நாட்டின் மிகப்பெரிய தொழில் தடங்களுள் ஒன்றில் முழு ஐந்தாண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லை. வரி வசூலிக்கப்பட்டது, பணிகள் ஒப்பந்தம் விடப்பட்டன, கட்டடங்கள் எழும்பின. தலித் தலைவரோ தலித் உறுப்பினரோ கையெழுத்திட வேண்டிய தேவை மட்டும் எழவில்லை. தேர்தல் தள்ளிப்போவதை வெறும் நிர்வாகத் தாமதமாக நாம் பார்க்கக் கூடாது. இட ஒதுக்கீட்டால் மட்டுமே மன்றத்திற்குள் நுழைய முடிந்தவர்களுக்கு, தேர்தல் இல்லாத ஒவ்வோர் ஆண்டும் இட ஒதுக்கீடு பறிக்கப்பட்ட ஆண்டுதான். 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் நாளுடன் காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதை நாம் கண்டோம்.

இரட்டைக் கையெழுத்து

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் தனித்துப் பணத்தைக் கையாளக் கூடாது என்ற நல்ல நோக்கம் இதில் இருக்கலாம். சாதியச் சமூகத்தில் இதன் விளைவு வேறு. தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு ஒதுக்கீடு இல்லை. பெரும்பான்மை வார்டுகளைக் கையில் வைத்திருக்கும் ஆதிக்கச் சாதியினர் தம்மில் ஒருவரைத் துணைத் தலைவராக்குகிறார்கள். தலித் தலைவர் சேரிக்குக் குடிநீர்க் குழாய் போடத் தீர்மானித்தால் துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்திட மறுக்கிறார். தூய்மைப் பணியாளருக்கு ஊதியம் நிற்கிறது. மோட்டார் பழுது பார்க்கப்படாமல் கிடக்கிறது. பழி தலைவர் மீது விழுகிறது.

இந்த முட்டுக்கட்டையின் கொடிய வடிவங்களைத் தமிழ்நாடு பலமுறை பார்த்திருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மேலும் ஐந்து தலித்துகளும் படுகொலை செய்யப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலை நடத்தவே விடவில்லை. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் விடுதலை நாளில் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளிவந்தது. தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுத வேண்டிய நிலை இருந்தது.

ஆனால் கொடியும் நாற்காலியும் கண்ணுக்குத் தெரிபவை. படம் எடுக்கலாம், செய்தி ஆக்கலாம். காசோலையில் இடப்படாத கையெழுத்தைப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவு நமக்கு முக்கியமானது. ஊராட்சி அல்லது நகராட்சியின் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள பட்டியல் சாதி, பழங்குடியினரை மிரட்டியோ தடுத்தோ அவர்தம் வழக்கமான கடமைகளைச் செய்யவிடாமல் ஆக்குவது அப்பிரிவின்படி குற்றம். கையெழுத்து மறுப்பு ஒவ்வொன்றையும் நாளிட்டு, தீர்மான எண்ணோடு எழுத்தில் பதிந்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி ஒப்புகை பெற்று வைத்தால்தான் இந்தப் பிரிவு நீதிமன்றத்தில் பயன்படும். வாய்மொழி முறையீட்டில் சட்டத்திற்குப் பிடிமானம் இல்லை.

ஒப்பந்தம் எவ்வாறு விடப்படுகிறது

ஒரு சிறு பாலமோ வடிகாலோ கட்டப்பட வேண்டும் என்றால் அதன் பயணம் இவ்வாறு அமையும். மன்றமோ கிராமசபையோ தேவையைத் தீர்மானிக்கிறது. ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் கிடைத்த பின் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. பணி ஆணை பெற்றவர் வேலையை முடித்ததும் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அதன் அடிப்படையில் பட்டியல் தொகை வழங்கப்படுகிறது.

இதில் தலித் ஒப்பந்ததாரர் எங்கே தடுக்கி விழுகிறார்? பதிவு பெறச் சொத்து மதிப்புச் சான்று வேண்டும். நிலம் இல்லாதவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. வைப்புத் தொகை வேண்டும். பட்டியல் தொகை வரும் வரை சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் கூலிக்கும் கைப்பணம் வேண்டும். இவற்றையெல்லாம் கடந்து வந்தாலும், யார் எந்த வேலையை எடுப்பது என்று முன்கூட்டியே பேசி முடிக்கும் வட்டத்திற்குள் அவருக்கு இடமில்லை. இத்தடத்தில் சேரி மக்களின் உழைப்பு ஒவ்வொரு சாலையிலும் இருக்கிறது. ஒப்பந்ததாரர் பட்டியலில் அவர்களின் பெயர் மிக அரிது.

கர்நாடகம் இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அரசுப் பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கி அம்மாநிலம் சட்டம் செய்தது. முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளுக்கு இருந்த இந்த ஒதுக்கீடு, 2023இல் 1 கோடி ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையும் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து 4 விழுக்காடு கொள்முதலை வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பணிகளிலும் இத்தகைய ஒதுக்கீடு சட்டமாக வேண்டும் என்று நாம் கோருகிறோம். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதி திராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிதி ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறது. அந்த நிதியைக் கொண்டு நடக்கும் பணியின் ஒப்பந்தமும் அம்மக்களைச் சேரும் வழி அடுத்து வர வேண்டியது.

அரசு ஒப்பந்தத்திற்கு வெளியே, ஆலைகளின் ஒப்பந்தம் என்ற பெரிய உலகம் இருக்கிறது. பழைய இரும்பு, தண்ணீர் லாரி, மண் நிரப்புதல், ஆள் வழங்குதல், வாகனம், உணவகம் எனப் பல. இவை ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை. ஆனால் உரிமம், வரி, சாலை, குடிநீர் என்று ஆலைக்கு ஊராட்சியிடம் வேலை இருப்பதால், தலைவர் நாற்காலி இந்த ஒப்பந்தங்களுக்கான திறவுகோலாகப் பார்க்கப்படுகிறது. பழைய இரும்பு ஒப்பந்தப் போட்டி இத்தடத்தில் வன்முறையோடு சேர்த்தே பேசப்படுவது ஊரறிந்தது. 2023 ஏப்ரலில் வளர்புரம் ஊராட்சித் தலைவர் நசரத்பேட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் ஒரு தலித். அக்கொலையின் காரணத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஊராட்சித் தலைவர் பதவி உயிருக்கு அஞ்ச வேண்டிய பதவியாக இருக்குமிடத்தில், கணக்கைத் திறந்து வைப்பதே பாதுகாப்புக்கும் முதல் படி என்பதை மட்டும் சொல்கிறோம். யாருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்தால், மறைவில் பேரம் பேசும் இடம் சுருங்கும்.

குத்தம்பாக்கம் சொல்லும் பாடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி செல்லும் வழியில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது குத்தம்பாக்கம். வேதிப் பொறியியல் படித்து அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். இளங்கோ என்ற தலித், வேலையை விட்டுவிட்டு 1996இல் இவ்வூராட்சித் தலைவரானார். 2001இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வடிகால் ஒன்றைக் கட்டியபோது, தொலைவிலிருந்து கல் கொண்டுவரச் சொன்ன அரசு மதிப்பீட்டைப் பின்பற்றாமல், அருகிலுள்ள ஆலைகள் கழித்துப் போட்ட கருங்கல் துண்டுகளை அவர் பயன்படுத்தினார். செலவு குறைந்தது, உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைத்தது. மதிப்பீட்டிலிருந்து விலகியதற்காக அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பணத்தை மிச்சப்படுத்தியவர் முறைகேட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளானார். அவர் கிராமசபையைக் கூட்டிக் கணக்கை மக்கள் முன் வைத்தார். மக்கள் அவர் பக்கம் நின்றனர். பின்னர் இடைநீக்கம் விலக்கப்பட்டது. சமத்துவபுரம் திட்டத்தின் கீழ் தலித்துகளும் பிற சாதியினரும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளும் அவர் காலத்தில் அங்கே எழுந்தன. அவற்றுக்கான மண் கற்கள் உள்ளூரிலேயே அழுத்திச் செய்யப்பட்டன.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. தலித் தலைவர் விதியிலிருந்து சிறிது விலகினாலும், அது ஊர் நன்மைக்காகவே ஆனாலும், நடவடிக்கை உடனே பாயக் காத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு விலகலுக்கும் முன்பே கிராமசபைத் தீர்மானம் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆட்சியரிடம் பறிபோன அதிகாரத்தை அவருக்கு மீட்டுத் தந்ததில் கூடிய மக்களின் எண்ணிக்கைக்குப் பங்கு உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு தலைவரை நீக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் தந்திருக்கிறது. அதற்கு எதிரே தலைவருக்கு உள்ள அரண் கிராமசபை மட்டுமே.

கைதூக்கும் சபையும் சாதியும்

கிராமசபை என்பது அவ்வூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அடங்கிய அவை. ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஒப்புவதும், தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பதும் அதன் பணி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆயின. கூட்டத்திற்கு ஏழு நாள்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு. வழிபாட்டுத் தலங்களில் கூட்டம் நடத்தக் கூடாது. குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் கூட்டம் செல்ல வேண்டும். சேரியில் கடைசியாக எப்போது கிராமசபை கூடியது என்று கேட்பதே ஒரு நல்ல முதல் கேள்வி.

இங்கே ஒரு முரணை நேர்மையாகப் பேச வேண்டும். பொதுத் தேர்தலில் வாக்கு இரகசியமானது. கிராமசபையில் எல்லோர் கண்முன்னும் கைதூக்க வேண்டும். வாக்குச் சாவடியின் திரைக்குப் பின்னால் தலித் வாக்காளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அரசமரத்தடியில் கிடைப்பதில்லை. முன்பு நிலக்கிழாரைப் பகைத்துக்கொண்டால் கூலி வேலை போகும். இன்று ஆள் வழங்கும் ஒப்பந்ததாரரைப் பகைத்துக்கொண்டால் பிள்ளையின் ஆலை வேலை போகும். நிலக்கிழாரின் மகனே ஒப்பந்ததாரராகவும் வாடகை வீட்டு உரிமையாளராகவும் இருக்கும் ஊரில், எதிர்த்துக் கைதூக்குவது எளிதன்று. 1932இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, தனி ஒதுக்கீடு இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என அம்பேத்கர் வாதிட்டதும், 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் கிராமத்தைப் புனிதமாக்கும் போக்கை அவர் கடுமையாக மறுத்ததும் இந்த அனுபவத்திலிருந்துதான்.

அதற்காகக் கிராமசபையைப் புறக்கணிப்பது நமக்கு நன்மை தராது. தனியாகச் செல்லாமல் குழுவாகச் செல்வதும், கேள்விகளை முன்னரே எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுவதும், தீர்மானப் பதிவேட்டில் எழுதிய பின்னரே கையெழுத்திடுவதும் கண்முன் நிகழும் அழுத்தத்தைக் குறைக்கும் வழிகள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்க வேண்டும். அறிவிப்பு முறையிலும் கவனம் வேண்டும். தண்டோரா போடுவதை ஒரு சாதியின் மீது சுமத்தும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். ஒலிபெருக்கி வண்டி சேரித் தெருவுக்குள்ளும் வந்ததா என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

தொழில் தடத்திற்கே உரிய இன்னொரு குறையும் உண்டு. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் வாழும் வெளிமாவட்ட, வெளிமாநிலத் தொழிலாளர்களின் பெயர் இங்குள்ள வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர்கள் பெயரில் தொழில் வரி வருகிறது. அவர்களுக்குச் சபையில் குரல் இல்லை. அவர்களுள் கணிசமானோர் தலித்துகளும் பழங்குடியினரும்தான்.

தீர்மானத்தின் எல்லை

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்திற்குப் பரந்தூர் தேர்வு செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் ஏகனாபுரம் கிராமசபை எதிர்ப்புத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றியது. திட்டம் நிற்கவில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி கூடிய 12 கிராமசபைகள் ஒருமனதாக மறுத்ததும் வேதாந்தாவின் சுரங்கத் திட்டம் நின்றது. இந்த வேறுபாட்டின் காரணம் சட்டத்தில் இருக்கிறது. நியம்கிரியில் வன உரிமைச் சட்டமும் ஐந்தாம் அட்டவணையும் கிராமசபைக்கு வலு தந்தன. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி இல்லை. தொழிலுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் கிராமசபையின் ஒப்புதலைக் கேட்பதில்லை. அச்சட்டத்திற்கு 2019இல் மீண்டும் உயிர் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது.

ஆக, நிலத்தைக் காப்பதில் நமது கிராமசபையின் கை கட்டப்பட்டிருக்கிறது. கணக்கைக் கேட்பதில் அது கட்டப்படவில்லை. இருக்கும் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்துவோரே இல்லாத அதிகாரத்தைக் கோரும் தகுதியும் வலிமையும் பெறுவர். 1989இல் பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் ஏழைக் குடியிருப்புகளின் மக்கள் கூடி நகரின் முதலீட்டுச் செலவை வரிசைப்படுத்தத் தொடங்கினர். 1996இல் கேரளம் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. இரு இடங்களிலும் முதல் படி ஒன்றே: எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை மக்களிடம் சொல்வது.

ஊராட்சி நகராட்சியாக மாறும்போதும் இந்த உரிமை நழுவிவிடக் கூடாது. 2021இல் குன்றத்தூரும் மாங்காடும் நகராட்சிகளாயின. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. நகராட்சியில் கிராமசபை இல்லை. அதற்கு ஈடாக 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் தொடங்கப்பட்டன. அவை உங்கள் பகுதியில் கூடுகின்றனவா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

கேட்க வேண்டிய ஆவணங்கள்

அடுத்த கிராமசபைக்கு முன் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் கையில் வைத்திருக்க வேண்டியவை இவை:

– நடப்பு ஆண்டின் வரவு செலவுத் திட்டமும், முந்தைய ஆண்டின் உண்மைச் செலவும்.

– வீட்டு வரி, தொழில் வரியின் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. எந்த ஆலை எவ்வளவு செலுத்தியது, எவ்வளவு பாக்கி என்பது இதில் தெரியும்.

– பணிவாரியாக மதிப்பீடு, ஒப்பந்தம் பெற்றவர் பெயர், பணி ஆணை நாள், அளவுப் புத்தகப் பக்கங்கள்.

– பணி நடந்த குக்கிராமத்தின் பெயர். சேரிக்குச் செலவான தொகையை இதிலிருந்து நாமே கூட்டிக் கண்டுபிடிக்கலாம்.

– கடந்த ஆறு கிராமசபைகளின் தீர்மான நகல்களும், அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும்.

– கடைசித் தணிக்கை அறிக்கை.

இவற்றில் திட்டங்களும் செலவுகளும் ஒரு பகுதி இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகவே கிடைக்கின்றன. மற்றவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அச்சட்டத்தின் 2(ஜெ) பிரிவு ஆவணங்களோடு பணியையும் நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. போடப்பட்ட சாலையின் கனத்தை அளந்து அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஓர் அளவுகோலும் உடன் வர இரண்டு பேரும் போதும்.

தலித் தலைவர் உள்ள ஊராட்சியில் கணக்குக் கேட்டால் அவருக்கே அது தீங்காகாதா என்று தோழர்கள் கேட்பதுண்டு. கையெழுத்து மறுத்தது யார், நிலுவை வைத்தது எந்த நிறுவனம், பணத்தை நிறுத்தி வைத்தது எந்த அலுவலகம் என்பவையும் அதே பதிவேடுகளில்தான் இருக்கின்றன. கணக்கு மூடியிருக்கும் வரை பழி அவர் மீதே விழும். திறந்த கணக்குதான் அவருக்கான சாட்சி.

உத்திரமேரூர்ச் சபையில் நம் முன்னோருக்கு ஓலை இல்லை. இன்று வாக்காளர் பட்டியலில் நமக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரோடு சபைக்குச் சென்று, பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, சேரியின் பங்கை வரிக்கு வரி வாசிக்கக் கேட்பதே அடுத்த கூட்டத்தில் நம் முன் உள்ள வேலை.